பச்சையம்மாவை யார் கூப்பிட்டது?

வந்தவர்கள் இவர்கள்.

சந்தவாசலிலிருந்து என் மகன் முருகேசன். மோட்டார் பம்ப் ரிப்பேர் செய்கிறவன். வந்ததும் என் வீட்டுக் குழாயைக் கழற்றினான். இன்னும் மாட்டவில்லை.

அவன் பெண்டாட்டி தேவகி. நல்லவள். ஆனால் சமையலறைக்குள் வந்தால் எல்லாவற்றையும் இடம் மாற்றி வைப்பாள். உப்பை இன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

அவர்கள் பெண் நந்தினி. வேலூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. இந்த வாரத் தலைவலிக்கு முழுக் காரணம் இவள்தான்.

செங்கத்திலிருந்து என் மகள் மலர். மாப்பிள்ளை. அவர்களுடைய இரண்டு பெண்கள். இரண்டு பேரும் காலேஜ். இரண்டு பேர் கையிலும் போன்.

அமிர்தியிலிருந்து என் அத்தை மகன் கோவிந்தன். எழுபத்து மூன்று வயது. இரண்டு முட்டியும் போய்விட்டது. வாய் போகவில்லை.

கோவிந்தனின் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். பேரப்பிள்ளைகளை எண்ணப் பார்த்தேன். ஒரு இடத்தில் நின்றால்தானே?

என் சித்தி மகன் வகையில் அரை வேன். பாதிப் பேருடைய பெயர் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என் பெயர் தெரியாது. "பாட்டி" என்றார்கள். சரி என்றேன்.

எதிர்வீட்டு நாய். இது கூப்பிடாமலே வந்தது.

பச்சையம்மாவின் மருமகள் செல்வி. எல்லாருக்கும் முன்னால் வந்தாள். முதல் பந்தியில் உட்கார்ந்தாள்.

வராதவள் ஒருத்தி. பச்சையம்மா.

என் சித்தப்பா மகள். எனக்கு இரண்டு வயது இளையவள். என் வாசலில் நின்றால் அவள் வீடு தெரியும். நடுவில் ஒரு ஓடை, உழுது போட்ட ஒரு சாமைக்காடு. வேறு எதுவும் இல்லை.

வேலூரிலிருந்து மலையேறி வந்துவிட்டார்கள். அவள் ஓடையைத் தாண்டவில்லை.

போன வாரம் இதே பத்தியில் புளி அடிப்பதைப் பற்றி எழுதினேன். கை எரியும், கண் எரியும் என்று புலம்பியிருந்தேன். புளி தேவலாம். அது கோபித்துக்கொள்ளாது.

*

விஷயம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன்.

நந்தினி ஒரு மாதத்துக்கு முன்னால் போன் செய்தாள்.

"ஆயா, கஸின்ஸ் அல்லாரும் சேந்து உன் வூட்டுக்கு வர்றோம். ஞாயித்துக்கெழம."

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா ஆயா. பாத்து எத்தினி நாளாச்சு? நீ ஒண்ணும் செய்யாத. சமைக்காத. உக்காரு. அது போதும்."

உட்காருவதற்கு ஒரு மாதம் முன்னால் சொல்லி வைக்கிறார்கள். எப்படி இருக்கிறது?

அப்புறம் போனில் ஒரு குரூப் போட்டார்கள். யார் யாரோ சேர்ந்தார்கள். எந்த வேன், எத்தனை மணி, பிரியாணியா சாம்பார் சாதமா... ஒரு மாதம் பேசினார்கள். என் மருமகளும் அதில் இருந்தாள், செல்வியும் இருந்தாள். என்னிடம் பட்டன் போன். நான் இல்லை. என் வீட்டில் நடக்கிற விஷயத்தில் நான் மட்டும்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வந்தது. இறங்கியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி மஞ்சள் டி-ஷர்ட். நெஞ்சில் ஒரு மூஞ்சி. கிட்டே வந்தபோது பார்த்தேன்... என் மூஞ்சி. கீழே 'ஆயா வூடு' என்று எழுதியிருந்தது.

அது போதாதென்று ஒரு பேனர். அதிலும் நான்தான். வாசல் படலுக்கு மேலே இரண்டு மூங்கில் நட்டுக் கட்டினார்கள்.

நம் பக்கத்தில் வயதானவர்கள் படத்தைப் பெரிதாகப் போட்டு வாசலில் எப்போது கட்டுவார்கள்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்குத்தான் தெரியவில்லை.

பேனர் கட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மேல்காட்டு ரங்கன் விறகுக்கட்டோடு அந்த வழியாக வந்தான். பேனரைப் பார்த்தான். கட்டைக் கீழே போட்டான். தலைத்துண்டை அவிழ்த்து வாயில் பொத்திக்கொண்டு உள்ளே வந்தான்.

நான் முற்றத்தில் கோழிக்கு மஞ்சள் தடவிக்கொண்டு இருந்தேன்.

"எப்போ ஆச்சு ஆயா?" என்றான் என்னிடமே.

"இன்னா ஆச்சு?"

அவன் என்னைப் பார்த்தான். பேனரைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"நீ கீற."

"கீறேன்."

"அப்ப பேனரு?"

"என் பேத்திய கேளு."

ரங்கன் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான். அப்புறம் கடைசிப் பந்திவரை இருந்து இரண்டு தட்டு பிரியாணியும் சாப்பிட்டான். வந்த துக்கம் அப்படிப் போனது.

கோவிந்தனுக்கும் விஷயம் பிடிபடவில்லை. வேனிலிருந்து அவனை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். கட்டிலில் உட்கார்ந்ததும் நந்தினியைக் கூப்பிட்டான்.

"இன்னா விசேஷம் கண்ணு? காது குத்தா, மஞ்சத்தண்ணியா?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல தாத்தா. கெட்-டுகெதர்."

"அப்டின்னா?"

"சும்மா கூடறது."

"சும்மாவா? சும்மாவுக்கா என் முட்டிய இத்தினி வளைவுல உருட்டினு வந்தீங்க?"

ஆனால் சிரித்தான். பிள்ளைகள் அவன் மேல் ஏறிக்கொண்டார்கள். ஒன்று அவன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டது. ஒன்று பலாச்சுளையை அவன் வேட்டியில் துடைத்தது. நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை.

அப்போதுதான் ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். பச்சையம்மா வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் வரவில்லை.

*

"நந்தினி. பச்சையம்மாவ யாரு கூப்ட்டது?"

"குரூப்ல போட்டேன் ஆயா. செல்வி அத்த பாத்தாங்க. தம்ஸ்-அப் கூட போட்டாங்க."

செல்வியைக் கூப்பிட்டேன். கையில் கோழிக் காலோடு வந்தாள்.

"உங்க மாமியாருக்கு சொன்னியா?"

"சொன்னேனே. வியாயக்கெழமயே போன காட்டினேன். 'பாரு, உன்னையும்தான் கூப்ட்டு கீறாங்க'ன்னு சொன்னேன்."

"அவ இன்னா சொன்னா?"

"கண்ணாடி போட்டுனு பாத்துச்சு. 'இதுல லோன் வேணுமான்னு கேக்கறான், நாப்கின் விக்கறான், அரிசி மூட்ட தள்ளுபடின்னு வருது. அதுங்க வர்ற எடத்துல வந்தது அழைப்பா'ன்னு கேட்டுச்சு. நான் இன்னா பண்றது? நான் கௌம்பி வந்துட்டேன்."

கோழிக் காலைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பச்சையம்மா தினமும் சாயந்திரம் என் வீட்டுக்கு டீ குடிக்க வருவாள். மூன்று நாளாக வரவில்லை. முட்டிவலி என்று நினைத்தேன். போய்ப் பார்க்கவில்லை. வேலை இருந்தது. உட்காருவதற்கு முன்னால் வீடு மெழுக வேண்டாமா?

இதில் என்ன இருக்கிறது, வராவிட்டால் போகட்டும் என்று மலைக்குக் கீழே இருக்கிறவர்கள் சொல்லலாம். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. ஒரு நல்லதுக்கு முறையாக அழைக்காமல் விட்டுவிட்டால் அதோடு அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சண்டை போட மாட்டார்கள். திட்ட மாட்டார்கள். பேசுவார்கள், சிரிப்பார்கள். சாப்பிட மட்டும் மாட்டார்கள். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

என் அப்பாவுக்கும் என் மாமாவுக்கும் அப்படித்தான் ஆனது. என் மஞ்சள் நீராட்டுக்கு அழைக்க ஆள் அனுப்பினார்கள். அனுப்பிய ஆள் வழியில் சாராயம் குடித்துவிட்டுப் படுத்துவிட்டான். அழைப்பு போய்ச் சேரவில்லை. அப்புறம் எத்தனையோ வருஷம் இரண்டு பேரும் ஒரே சந்தையில் நின்று பேசினார்கள். அப்பா செத்தபோது மாமா வந்தார். புளியமரத்தடியில் நின்றார். கண்ணைத் துடைத்தார். தண்ணீர் குடிக்காமல் போனார்.

எனக்கு எழுபது. பச்சையம்மாவுக்கு அறுபத்தெட்டு. என் வயதில் நான் "வாடி, போடி" என்று பேச மிச்சம் இருப்பவள் அவள் ஒருத்திதான். இன்றைக்கு இந்தப் பந்தி அவள் இல்லாமல் முடிந்தால், அவள் என் வீட்டில் இனி டீ குடிக்க மாட்டாள். எனக்கு அது தெரியும்.

மணி பன்னிரண்டரை. வேன்காரன் நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டான். மேற்கே மேகம் கூடியிருந்தது. மழை வந்தால் ரோட்டில் கல் உருளும்.

*

முதலில் நந்தினி போனாள். மலரின் இரண்டு பெண்களும், இன்னும் ஒரு பெண்ணும் கூடவே ஓடினார்கள். கையில் ஒரு டி-ஷர்ட். பச்சையம்மாவுக்கென்று எடுத்து வைத்திருந்தார்களாம்.

"இத குடுத்தா உடனே வந்துடும் பாரு ஆயா."

சொன்னால் கேட்கிற வேகத்தில் அவர்கள் இல்லை.

இருபது நிமிஷம் கழித்து நாலு பேரும் திரும்பி வந்தார்கள். வாய் நிறைய வேர்க்கடலை. மடி நிறைய மாங்காய். டி-ஷர்ட்டைக் காணோம்.

"எங்கடி அவ?"

"வர்ல ஆயா. ஆனா ரொம்ப ஸ்வீட். எங்களுக்கு கடல வறுத்தது குடுத்துச்சு. உன் சின்ன வயசு கதைலாம் சொல்லிச்சு. நீ மாடு மேய்க்க போயி தூங்கிட்டியாமே?"

"கூப்ட்டீங்களா இல்லியா?"

"கூப்ட்டோம். 'பொண்ணுங்களா வந்து கீறீங்க, வூட்டு பெரியவங்க இல்லியா'ன்னு கேட்டுச்சு."

"டி-ஷர்ட்டு?"

"வாங்கிக்கிச்சு."

வாங்கிக்கொள்வாள். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதா?

*

இரண்டாவதாக முருகேசனும் தேவகியும். இதுதான் முறை. எங்கள் பக்கத்தில் அழைப்பதற்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போக வேண்டும். தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்துக் கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அதனால் நான் தட்டு எடுக்கக் கூடாது. வீட்டுக்கு மூத்த மகன், மருமகள். அவர்கள் போனால் சரியாகிவிடும்.

தேவகி தட்டை எடுத்தாள். மஞ்சள் இருந்தது. குங்குமம் இருந்தது. பாக்கு மலரின் புருஷன் பையில் இருந்தது.

வெற்றிலை இல்லை.

நான் போடுவதில்லை. வாங்கி வைப்பதும் இல்லை. கடை மூன்று கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்காரன் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குவான். எழுப்பினால் திட்டுவான்.

"வெத்தலதான வோணும்?" என்றான் முருகேசன். "இதுல கீதே."

பிரியாணியோடு கீழேயிருந்து வந்த பீடா. வெள்ளித்தாள் சுற்றி, மேலே ஒரு சிவப்புப் பழத்தைக் குச்சியால் குத்தியிருந்தது.

"டேய், வாணாண்டா" என்றேன்.

"யம்மா, உள்ள வெத்தலதான? பாக்கும் கீது. சுண்ணாம்பும் கீது. நாம தனித்தனியா வைக்கறத அவன் மடிச்சு வச்சு கீறான். அவ்ளோதான்."

கோவிந்தன் கட்டிலில் இருந்தபடியே வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்தான்.

"போடா போ" என்றான். "நல்லா வாங்கிக்கினு வா."

போனார்கள். பாவம் தேவகி, தட்டைத் துண்டால் மூடிக்கொண்டு போனாள். சாமைக்காட்டில் இரண்டு பேரும் மஞ்சள் டி-ஷர்ட்டில் நடந்து போவதைப் பார்த்தேன். என் மூஞ்சி இரண்டு முறை ஓடையைத் தாண்டியது.

பத்து நிமிஷத்தில் திரும்பிவிட்டார்கள். தேவகிதான் சொன்னாள்.

"பெரிய மரியாதையாதான் எழுந்து நின்னாங்க அத்த. தட்ட பாத்தாங்க. 'இது இன்னா முருகேசா'ன்னு கேட்டாங்க. இவரு வெத்தலன்னு சொன்னாரு. 'மடிச்ச வெத்தலய துன்றதுக்குதான் குடுப்பாங்க. இது பந்தி முடிஞ்சி குடுக்கறது. பந்தி முடிஞ்சி போச்சின்னு சொல்ல வந்தீங்களா'ன்னு கேட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? நாங்க வந்துட்டோம்."

"பீடா?"

"எடுத்துக்கினாங்க."

கோவிந்தன் சிரித்த சிரிப்பில் கட்டில் கிறீச்சிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி இரண்டு. இரண்டு பந்தி முடிந்துவிட்டது. வேன்காரன் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

நான் இன்னும் சாப்பிடவில்லை. சாப்பிடச் சொல்லி ஆளாளுக்கு வந்தார்கள். "நீ உக்காரு ஆயா, நாங்க போடறோம்" என்று நந்தினி தட்டோடு பின்னாலேயே வந்தாள். பசி இல்லை என்றேன். எனக்கு உட்கார வேண்டாம். காலையிலிருந்து உட்கார் உட்கார் என்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகள் ஐம்பது பேருக்கு ஒரே நொடியில் சொல்லிவிடுகிறார்கள். கெட்டிக்காரர்கள். ஆனால் சொல்வது வேறு, கூப்பிடுவது வேறு இல்லையா? இதை நந்தினியிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நானே போகவில்லை. வேலூரில் இருக்கிறவளை என்ன சொல்ல?

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

*

கதவு திறந்துதான் இருந்தது. பச்சையம்மா உள்ளே சாக்கு விரித்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அரக்கு நிறப் புடவை. பொங்கலுக்கு அவள் மகன் எடுத்துக் கொடுத்தது. அதுவரை ஒரு தரம்கூடக் கட்டவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள்.

அடுப்பைப் பார்த்தேன். சாம்பல் அள்ளி, மெழுகி, சுத்தமாக இருந்தது. பானை கவிழ்ந்திருந்தது. காலையிலிருந்து பற்ற வைக்கவே இல்லை.

"இன்னாடி, அடுப்பு பத்த வைக்கல?"

"பசிக்கல."

"பொடவ?"

"பொடவ இன்னா? நான் பொடவ கட்டக்கூடாதா?"

உட்கார் என்று அவள் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

"பேனர்ல உன் மூஞ்சிய பாத்தேன்" என்றாள். "போய்ட்டியோன்னு எழுந்தேன். அப்புறம் நீ குழாய்க்கு முருகேசன திட்றது கேட்டுச்சு. உக்காந்துட்டேன்."

"போயிருந்தா வந்திருப்பியா?"

"போயிருந்தா ஏன் கூப்டணும்? நானே வந்திருப்பேன். நீ உசுரோட கீற. அதான் கஷ்டம்."

எனக்கு ஆத்திரம் வந்தது.

"மூணு தடவ ஆளு வந்தாச்சு பச்ச. இன்னும் இன்னா வோணும் உனக்கு? மேளம் வைக்கட்டா?"

"மூணு இல்ல. ரெண்டு. போன சேக்காத."

"சரி ரெண்டு."

"சின்னதுங்க வந்துச்சுங்க. நல்லதுங்க. அதுங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. முருகேசன் வந்தான். அவன் எப்பவும் அப்டிதான், கல்யாணத்துக்கே வேட்டிய மறந்துட்டு வந்தவன். நான் அவங்கள சொல்லல."

"பின்ன?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. கவிழ்ந்த பானையைப் பார்த்துச் சொன்னாள்.

"மூணு நாளா டீக்கு வர்லியே. முட்டியான்னு வந்து கேட்டியா?"

"முட்டின்னுதான் நெனச்சேன்."

"நெனச்ச. வந்து கேக்கல. 'ஞாயித்துக்கெழம புள்ளைங்க வர்துங்க, சோறு நம்ம வூட்ல'ன்னு சொல்ல எத்தினி நேரம் ஆவும்? அந்த ஓடைல தண்ணிகூட இல்ல இப்ப."

தண்ணீர் இல்லைதான்.

வேன் ஹாரன் அடித்தது. ஒரு தரம்.

"இப்ப வந்துட்டேன் இல்ல? எழுந்து வா."

"வெறுங்கையோடயா?"

"நான் தட்டு எடுக்கக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

கோழி ஒன்று உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனது. நான் வாசல் பக்கம் திரும்பினேன். திரும்பிப் போயிருந்தால் அவ்வளவுதான். அவள் கூப்பிட மாட்டாள். நானும் மறுபடி வர மாட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே தாத்தா. ஒரே பிடிவாதம்.

"அக்கா."

திரும்பினேன். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். உள்ளே விரலை விட்டுத் துழாவினாள். மூன்று வெற்றிலை. ஒரு பாக்கு. ஒரு வெற்றிலையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மிச்சம் இரண்டையும் பாக்கையும் என்னிடம் நீட்டினாள்.

"இந்தா."

"நான் போடமாட்டேனே."

"போட குடுக்கல. எனக்கு குடு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"உன் வெத்தலய உனக்கே குடுத்து கூப்டறதா?"

"பின்ன? உன் வூட்லதான் இல்லியே. பீடா அனுப்பற வூடு."

"நான் குடுக்கக்கூடாதுடி. தாலி இல்லாதவ."

"உனக்கும் இல்ல. எனக்கும் இல்ல. யாரு கீறா பாக்க? கோழி பாத்தா பாத்துட்டு போவுது. குடு. பொழுது போவுது."

வாங்கினேன். அழைப்பை மரியாதையாக வாங்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்து நின்று தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"கெழக்கால பாத்து நில்லு" என்றாள்.

நின்றேன்.

"ரெண்டு கையால."

இரண்டு கையாலும் நீட்டினேன். எழுபது வயதில் இப்படி ஒருத்தி அதட்டி அழைக்க வைத்தால் என்ன வார்த்தை வரும்?

"பச்ச. நம்ம வூட்ல சோறு. புள்ளைங்க அல்லாம் வந்து கீதுங்க. வந்துடு."

வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம், முதல் தடவையாக விஷயத்தைக் கேள்விப்படுகிறவள் மாதிரி, முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னா விசேஷம்?"

"சும்மா."

யோசித்தாள்.

"சரி. வர்றேன்."

*

கதவைப் பூட்ட ஐந்து நிமிஷம். உள்ளே கவிழ்ந்த பானையைத் தவிர ஒன்றும் இல்லை. பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். ஓடையில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். முட்டி நிஜமாகவே வலிக்கிறதாம். வேர்க்கடலை வறுத்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டதால் தனக்கு இல்லை என்றும் சொன்னாள். கேட்டுக்கொண்டு வந்தேன்.

படலைத் தாண்டியதும் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். நாலு போன் மேலே போனது. நந்தினி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"சின்னாயா, டி-ஷர்ட் எங்க?"

பச்சையம்மா இடுப்புப் பக்கம் கையை விட்டாள். மடித்துச் செருகி எடுத்து வந்திருக்கிறாள். அதை அந்த அரக்குப் புடவை மேலேயே மாட்டிக்கொண்டாள். தலை நுழையவில்லை. இரண்டு பேர் இழுத்துவிட்டார்கள். படிய வாரிய தலை கலைந்தது. அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. என் மூஞ்சியை நெஞ்சில் போட்டுக்கொண்டு கோவிந்தனிடம் போய் நின்றாள்.

"இன்னா மாமா, எப்டி கீது?"

"மூஞ்சி மட்டும் சரியில்ல" என்றான் கோவிந்தன்.

வேன்காரன் வந்து என் எதிரில் நின்றான். மணி மூன்றாகிறது, மேகத்தைப் பாருங்கள் என்றான். ஒருத்தரும் கிளம்பவில்லை. எல்லாரும் மறுபடி உட்கார்ந்தார்கள். சாப்பிட்டவர்கள்தான். சும்மா உட்கார்ந்தார்கள். பச்சையம்மாவை நடுவில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். "அப்பாடா, உக்காந்துட்டியா" என்றாள் நந்தினி.

பிரியாணி தீர்ந்திருந்தது. கடைசித் தட்டு ரங்கனுடையது. கோழிக் குழம்பும் களியும் இருந்தது. சமைக்காதே என்று அவர்கள் சொல்லியும் நான் சமைத்தது. பிள்ளைகள் காலையில் ஒரு உருண்டையைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். ஒரு பெண் விரலால் தொட்டுப் பார்த்தாள். அதோடு சரி.

இலை போட்டேன். தண்ணீர் வைத்தேன். முதலில் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். முழுச் சொம்பு. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"களி வைக்கட்டா?"

"பசிக்கலக்கா. கூப்ட்ட மரியாதைக்கு ஒரு வாய் வைக்கறேன்."

மூன்று உருண்டை.